கல்லுச் சந்தில் கடைசி வீடு

ஐப்பசி பிறந்ததும் பிறக்காததுமாக மழை பிடித்துக்கொண்டது. கொடைக்கானலில் மழை பெய்வதெல்லாம் ஒரு சேதியா என்று கேட்பீர்கள். பெய்கிற மழை யார் வீட்டுக்குப் போகிறது என்பதுதான் சேதி. கல்லுச் சந்தில் விழுகிற தண்ணீரெல்லாம் இரண்டு வருஷமாக ஞானம்மா வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. கூப்பிடாத விருந்தாளி மாதிரி நேரே உள்ளே நுழைந்து அடுப்படியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அன்றைக்கும் விடிந்து பார்த்தால் அதே கதைதான். வாசற்படியில் சுருட்டி வைத்திருந்த சாக்கு ஊறிப்போய் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஞானம்மா சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈயச் சட்டியால் தண்ணீரை அள்ளி வாளியில் ஊற்றினாள். வாளி நிறைந்ததும் வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள். கொட்டியதில் பாதி திரும்பி வந்தது. கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். இடுப்பு வலி இப்போது வலியாகக்கூடத் தெரிவதில்லை, உடம்போடு சேர்ந்து அதுவும் ஒரு பாகமாகிவிட்டது.

அவள் புருஷன் சுப்பையா மேட்டுப் பக்கத்துச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். தினமும் எழுந்ததும் அவர் செய்கிற முதல் வேலை அது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர். இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறி, பூச்சு பொரிப்பொரியாக உதிர்ந்துகொண்டிருந்தது.

"என்னாங்குது?" என்றாள் ஞானம்மா.

"வெரலு உள்ள போகுது."

"எம்புட்டு?"

"நகம் மறையிற அளவுக்கு."

போன மழைக்கு விரல் வழுக்கியதோடு சரி. இந்த மழை முழுக்கப் பெய்தால் சுவர் மண்டி போட்டுவிடும் என்று இருவருக்கும் தெரியும்.

சுவர் போனால் வீடு போச்சு. ஞானம்மா பிறந்தது சிலோனில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். வாக்கப்பட்டது அடுத்த தோட்டத்து லயத்தில். அங்கே சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் இருமினால் இந்தப் பக்கம் தூங்க முடியாது. இரண்டு சர்க்காரும் போட்ட ஒப்பந்தப்படி உன் ஊர் அதுதான் போ என்று கப்பலில் ஏற்றிவிட்டார்கள். மண்டபம் முகாமில் கிடந்து, சீகை மரத்துப் பட்டை உரிக்கிற வேலை இருக்கிறது என்று கேட்டு மலை ஏறி, சந்தின் கடைசியில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த துண்டு நிலத்தில் இருவரும் கல் சுமந்து கட்டிய வீடு இது. தனக்கென்று ஒரு கதவும் ஒரு தாழ்ப்பாளும் அவளுக்குக் கிடைத்தது இங்கேதான். பேத்துப்பாறையில் கட்டிக்கொடுத்த மகள், "எங்ககூட வந்துருங்கம்மா" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கே ஒரு அறை, அதிலேயே மாமியார். ஞானம்மா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்: "இனி ஒரு தடவ மூட்ட கட்ட என்னால ஏலாது."

கல்லுச் சந்து என்ற பெயர் சும்மா வந்ததில்லை. பஜார் ரோட்டிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு இறங்குகிற சந்து அது. வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ கல் பதித்திருந்தார்கள். சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழைகிற இடுக்கு, அதில் மணலும் மண்ணும், அதன்மேல் புல். எவ்வளவு மழை கொட்டினாலும் பாதிச் சந்து இறங்குவதற்குள் தண்ணீர் காணாமல் போய்விடும். எங்கே போகிறது என்று யாரும் விசாரித்ததில்லை. தொல்லை கொடுக்காமல் போகிறதை யார் விசாரிப்பார்கள்?

ஆனால் ஒன்று, கல்லில் பாசி பிடிக்கும். இடுக்கில் அட்டை இருக்கும். மழைக்காலத்தில் சந்தில் வழுக்கி விழாதவர்கள் யாருமில்லை.

அந்தச் சந்தில் ஒரு வழக்கம் இருந்தது. சந்து பொதுதான், ஆனாலும் அவரவர் வாசலுக்கு நேரே இருக்கிற துண்டு அவரவருக்கு. கூட்டுவது, தண்ணீர் தெளிப்பது, கோலம் போடுவது, கல் பெயர்ந்தால் திருப்பிப் பதிப்பது எல்லாம் அந்தந்த வீட்டுச் சோலி. அடுத்த வீட்டுத் துண்டில் விளக்குமாறு பட்டுவிட்டால் ஒரு வாரத்துக்குப் பேச்சு நின்றுபோகும். முனிசிபல் ஆபீஸ்காரர்களும் இதை வசதியாக எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

சிமெண்டுக்கு பெர்மிட் கேட்டுத் தவம் கிடந்த காலம் போய், கடையில் மூட்டையை அடுக்கிவைத்து விற்கிற காலம் வந்தது. முதல் மூட்டையைச் சந்துக்குள் இறக்கியவர் சந்தின் உச்சி வீட்டுத் திருமலைச்சாமி. பஸ் ஸ்டாண்டு பக்கம் தைலமும் பேரிக்காயும் விற்கிற கடை அவருக்கு. மகள் வள்ளியைப் பெண் பார்க்கப் பழனியிலிருந்து ஆட்கள் வந்தபோது, மாப்பிள்ளையின் அத்தை பாசியில் வழுக்கிப் பட்டுச்சேலையோடு சந்தில் உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தம் எப்படியோ தப்பியது. மறுவாரமே திருமலைச்சாமி சுப்பையாவைக் கூப்பிட்டுவிட்டார்.

சுப்பையா கொத்தனார் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டது இந்த மலைக்கு வந்த பிறகுதான். சிலோனில் அவர் கான் வெட்டுகிறவர். தேயிலைச் சரிவில் குறுக்கே வாய்க்கால் தோண்டி மழைத் தண்ணீரை வெளியே அனுப்புகிற வேலைக்கு அங்கே அப்படிப் பெயர். 'சுப்பையா வெட்டுன கான்ல ஒரு சொட்டு நிக்காது' என்று கங்காணி என்றைக்கோ சொன்னதை அவர் இன்றைக்கும் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொல்வார். தேங்கி நிற்கிற தண்ணீரைக் கண்டாலே ஆகாது அவருக்கு. அதே புத்தியோடு திருமலைச்சாமி வாசலைப் போட்டார். வழவழவென்று பூசி, வாட்டம் பார்த்து, காய்ந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். தண்ணீர் ஒரு நொடி நிற்காமல் ஓடிப்போனதைப் பார்த்து வீடே கைதட்டியது. தோட்டத்தில் கான் தண்ணீர் போய் விழுகிற பள்ளத்தில் யாரும் குடியிருக்கவில்லை. இங்கே அது போய் விழுகிற இடத்தில் இருந்தது அவருடைய சொந்த வீடு. அந்த மனுஷன் அந்த ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.

ஒரு வாசல் சிமெண்ட் ஆனால் அடுத்த வாசலுக்கு இரண்டு பங்கு தண்ணீர். அந்த வீட்டுக்காரர் என்ன செய்வார்? அவரும் சுப்பையாவைக் கூப்பிடுவார். இப்படியே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சுப்பையா ஒவ்வொரு வாசலாகக் கீழே இறங்கி வந்தார். ஞானம்மாவுக்கும் அப்போதெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. சந்தே அவர் கையைப் பார்த்து நின்ற காலம் அது. ஊர் வாசலையெல்லாம் போட்டவருக்குத் தன் வாசலைப் போட மட்டும் நேரம் வாய்க்கவில்லை. கடைசி வீட்டு முன்னால் பழைய கல் அப்படியே கிடந்தது. மொத்தச் சந்தின் தண்ணீரும் அந்தத் துண்டுக்கு வந்து, கல்லிடுக்கு குடித்தது போக மிச்சம் வீட்டுக்குள் வந்தது. குடித்ததும் எங்கே போயிற்று? நேரே சுவரின் காலடிக்குத்தான்.

ஞானம்மா வாளியைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏங்க, முன்னெல்லாம் இந்தத் தண்ணி எங்க போச்சு?"

"கல்லு எடுக்குல மண்ணு குடிச்சுக்கிச்சு."

"இப்ப?"

"இப்ப எங்கிட்டுக் குடிக்கும். அதான் வாயப் பூசி அடச்சாச்சே."

"யாரு அடச்சது?"

சுப்பையா கடுங்காப்பியை ஊதி ஊதிக் குடித்தார். "ஒவ்வொரு வாசல்லயும் ஓரமா ஒரு மொழ அகலம் ஒடச்சுவிட்டு, பழையபடி கல்லும் மணலுமா போட்டு வெச்சம்னா, பாதிக்கு மேல அங்கங்கயே எறங்கிரும்."

"அப்ப ஒடைங்க."

"நாம் போட்டத நானே போயி ஒடைக்கவா? நல்லாருக்கு ஒன் ஞாயம். அந்தப் பூச்சுல எங்கயாச்சும் ஒரு கீறல் இருக்கா, போயிப் பாரு. நாளைக்கு எவன் என்னய வேலைக்குக் கூப்புடுவான்?"

"செவரு விழுந்துட்டா எந்த வாசல்ல வந்து கூப்புடுவாங்க?"

அவர் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஞானம்மா வில்பட்டிக்குக் கேரட் பிடுங்கப் போகிறவள். மழைக்கு அன்று வேலை இல்லை. சரி, நாமாவது கேட்போம் என்று சந்தில் ஏறினாள்.

அடுத்து மேலே இருந்த வீடு தமயந்தியுடையது. இங்கிலீஷ் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்றில் ஆயா வேலை அவளுக்கு. அங்கே காதில் விழுகிற வார்த்தைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து தாராளமாகப் புழங்குவாள்.

"ஐயோ யக்கா, இப்பத்தான் வாசலு நீட்டா இருக்கு. கல்லுல புள்ளி வெச்சா பாதிப் புள்ளி எடுக்குக்குள்ள போயிரும். இந்த வருசமாச்சும் மார்கழிக்குப் பெரிய கோலமா போடணும்னு இருக்கேன். மேல சேனாதிபதி அண்ணன் ஒடச்சா நானும் ஒடைக்கிறேன், ப்ராமிஸ்."

சேனாதிபதி பழைய லாரி டிரைவர். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வண்டியோடு உருண்டு, ஒரு கால் விறைத்துப் போனவர். அவர் காலை நீட்டிக் காட்டினார். "இது இந்த சிமெண்ட நம்பித்தான் நடக்குது தாயி. பாசியில மறுக்க விழுந்தேன்னா அம்புட்டுத்தான். தண்ணியே திருமலைச்சாமி வீட்லருந்துதான ஆரம்பிக்குது? மொதல்ல அங்க போயிக் கேளு."

திருமலைச்சாமி உட்காரச் சொல்லி, காப்பி கொடுக்கச் சொல்லி, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஒடைக்கிறது ஒண்ணும் பெரிய விசயமில்ல ஞானம்மா. ஆனா வள்ளிக்கு இது ஏழாம் மாசம். வளைகாப்புக்குப் பழனியிலருந்து சம்பந்தி வீட்ல வர்றாங்க. அந்த அத்தையும் வருது. இப்பப் போயி வாசலக் கொத்திப் போட்டா நல்லாவா இருக்கும், நீயே சொல்லு? அதுவுமில்லாம, எங்க வாசல்ல ஓடுறது எங்க வீட்டுத் தண்ணி மட்டுந்தான். கீழ ஒனக்கு வர்றது எல்லாரு தண்ணியும்."

"ஒரே ஒரு தடவ கீழ எறங்கி வந்து பாருங்கண்ணே."

"வாறேன், வாறேன். மழ விடட்டும்."

மழை விட்ட பிறகு வந்து பார்த்தால் என்ன தெரியும்? இரண்டு வருஷமாக எல்லோரும் மழை விடட்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது அவள் கை காலியாக இல்லை. திருமலைச்சாமி சளிக்குத் தேய்க்கத் தைலப் புட்டி கொடுத்திருந்தார். சேனாதிபதி மனைவி ஒரு குழம்புக்கு முருங்கைக்காய் கொடுத்தாள். தமயந்தி பள்ளிக்கூடத்து பன் இரண்டைக் காகிதத்தில் சுற்றித் தந்தாள். எல்லோரும் நல்லவர்கள். அதுதான் ஞானம்மாவுக்கு ஆயாசமாக இருந்தது. கெட்டவர்களாக இருந்தால் சந்தில் நின்று நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போய்ப் படுக்கலாம். பன்னைக் கையில் வைத்துக்கொண்டு யாரைத் திட்டுவது?

நல்லவர்கள் சும்மா இருக்கவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் திருமலைச்சாமி சுப்பையாவைக் கூப்பிட்டனுப்பினார். தமயந்தி வாசலில் ஒரு முழு மூட்டையும் இரண்டு அரை மூட்டையும் சிமெண்ட் இருந்தது. பக்கத்தில் மணல் குவித்திருந்தது. ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டது.

"ஒங்க வாசல் ஒண்ணுதான் பாக்கி. அதையும் போட்டுட்டா சோலி முடிஞ்சுது. காசுன்னு ஒரு பேச்சு வரக்கூடாது, ஆமா," என்றார் திருமலைச்சாமி.

சுப்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவரே தோளில் சுமந்து கீழே கொண்டுவந்து இறக்கினார்.

ஞானம்மா சிமெண்ட் மூட்டையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், பிறகு வாசலுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். கடைசி வீட்டோடு சந்து முடிந்துவிடும். அதற்கப்புறம் மண் சரியாமல் இருக்க ஆள் உயரத்துக்கு ஒரு கருங்கல் சுவர். சுவருக்குக் கீழே ஒரு குடிசை. அதில் குஞ்சம்மாளும் அவளுடைய இருமல்காரப் புருஷனும் இருந்தார்கள். ஞானம்மா வந்த கப்பலில்தான் குஞ்சம்மாளும் வந்தாள். முகாமில் ஞானம்மா காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வரிசையில் இரண்டு தடவை நின்று, திட்டு வாங்கி, அவளுக்கும் சேர்த்து வாங்கி வந்தவள்.

"கீழ குஞ்சு இருக்காளே," என்றாள்.

"செவத்து மேல தூம்பு ஒண்ணு நீட்டி வெச்சுருவோம். தண்ணி எட்டிப் போயி விழுகும். குடிசையத் தாண்டி."

"தாண்டி விழுகுமா?"

"விழுகும்ங்கிறேன்ல."

சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தாண்டி விழாது என்று அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் இரண்டு மழைக்காலம் தண்ணீர் அள்ளிய கை அது. அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு காய்ந்த படுக்கை. நியாயம் பேச உடம்பில் தெம்பு இல்லை.

"சரி, போடுங்க," என்றாள்.

அன்று மழை ஒதுங்கி நின்றது. சுப்பையா பொழுது சாயும்வரை குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார். மற்ற வாசல்களுக்கு எப்படிப் போட்டாரோ அப்படித்தான் போட்டார், கீறல் இல்லாமல். சாக்கைப் போட்டு மூடிவைத்தார். காய்ந்த பிறகு செம்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டவில்லை. பார்க்க யாரும் இல்லை, ஞானம்மா அடுப்படியை விட்டு வரவுமில்லை.

புதன்கிழமை சாயங்காலம் மழை வந்தது. சந்தில் தண்ணீர் திரண்டு இறங்கி வந்து, கடைசி வாசலில் ஏறி, படியைத் தொடாமல் ஒதுங்கி, தூம்பு வழியாகச் சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்தது. விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஞானம்மாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுப்பு முதல் குச்சியிலேயே பற்றியது. தரையில் பாயை விரித்து, கம்பளியை இழுத்துப் போர்த்துக்கொண்டு, அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். காலையில் சுப்பையா சுவரை அழுத்திப் பார்த்துவிட்டு, "நிக்கிது" என்றார்.

அதற்குப் பிறகு அவள் சுவருக்குக் கீழே போகிற ஒற்றையடிப் பாதையில் வில்பட்டிக்குப் போகவில்லை. பஜாரைச் சுற்றிக்கொண்டு போனாள். வெள்ளனே கிளம்ப வேண்டியிருந்தது, கால் கூடுதலாக வலித்தது, போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் குஞ்சம்மாளே வந்தாள். சுவரோரத்துப் படியில் மெதுவாக ஏறி, கையில் களைந்த அரிசியோடு சட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். பாதம் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"யக்கா, ஒங்க அடுப்பக் கொஞ்ச நேரம் தாங்களேன். நம்ம அடுப்பு கரைஞ்சு போச்சு."

"உள்ள வா," என்றாள் ஞானம்மா.

குஞ்சம்மாள் உலையை ஏற்றிவிட்டு அடுப்புக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தாள். தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். "நல்லாக் காஞ்சிருக்கு," என்றாள். அதில் குத்தல் ஒன்றும் இல்லை.

"அவரு எப்புடி இருக்காரு?"

"பலகையில ஏறி ஒக்காந்திருக்காரு. கீழ கால வெக்க முடியலன்னு. இருமல்தான் கொஞ்சம் கூட."

சோறு கொதிக்கிறவரை ஞானம்மா தாங்கிக்கொண்டாள். அதற்கு மேல் முடியவில்லை.

"குஞ்சு, அந்தத் தண்ணி நாங்க விட்டதுதான்டி."

"தெரியும்கா."

"தெரியுமா?"

"ஞாயித்துக்கெழம பூராம் எந்தலைக்கு மேலதான கரண்டி ஒரசிக்கிட்டு இருந்துச்சு. தூம்ப நீட்டி வெக்கிறப்ப அண்ணன் கை தெரிஞ்சுது. நான் நிமிந்து பாத்தேன். வெடுக்குன்னு கைய இழுத்துக்கிட்டாரு, பாவம்."

"அப்பவே ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல? ஏன்டி போடல?"

குஞ்சம்மாள் சோற்றை ஒரு தடவை கிளறிவிட்டாள். "என்னான்னு போடுறது? ரெண்டு வருசமா நீங்க சட்டி சட்டியா அள்ளி ஊத்துறதக் கீழருந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். எங்க யக்காவும் ஒருநா காஞ்சு படுக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

கஞ்சியை வடித்து, சட்டியை முந்தானையால் பிடித்துக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். "வாறேன்கா" என்று எப்போதும் போலச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஞானம்மா அழவில்லை. அழக்கூட அலுப்பாக இருந்தது. குஞ்சம்மாள் மண்ணை வாரித் தூற்றியிருந்தால் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பாள். இப்படிச் சொல்லிவிட்டுப் போனதை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது? எழுந்து, கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

முதல் குத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. புருஷன் கைவேலை அப்படி. இரண்டாவது குத்துக்குக் கை விண்ணென்று வலித்தது. தூம்புக்கு முன்னால் ஒரே இடத்தில் குத்திக் குத்தி, கடைசியில் ஒரு பத்தை பெயர்ந்தது. அடியில் பழைய கல்லின் முகம் தெரிந்தது. சத்தம் சந்தின் மேல் மூலை வரைக்கும் போயிருக்க வேண்டும்.

"யக்கா! யக்கா! என்னக்கா செய்றீங்க? குட் சிமெண்ட்டுக்கா!" தமயந்தி தலையில் துண்டைச் சுற்றியபடி ஓடி வந்தாள்.

ஞானம்மா நிமிரவில்லை. சேனாதிபதி கைத்தடியை ஊன்றி ஒவ்வொரு அடியாக இறங்கி வந்தார். நடுவீடுகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். கடையிலிருந்து சாப்பிட வந்திருந்த திருமலைச்சாமிக்கும் சேதி போய், சோற்றுக் கையை உதறிக்கொண்டு வந்துவிட்டார். அவர் முகம் சிவந்திருந்தது.

"ஞானம்மா, இது ஒனக்கே அடுக்குமா? நாங்க மனசாரக் குடுத்த சிமெண்டு. ஒரு மூட்ட என்னா வெலைன்னு தெரியுமா? வேணாம்னா அன்னைக்கே சொல்லிருக்கணும். இப்புடி மூஞ்சியில அடிச்ச மாதிரி ஒடைக்கிறதா?"

"ஆளுக்குக் கொஞ்சம் போட்டது, யக்கா," என்றாள் தமயந்தி. அவளுக்கு நிஜமாகவே மனசு வலித்தது.

ஞானம்மா கடப்பாரையை ஊன்றிக்கொண்டு எல்லோரையும் ஒரு தடவை பார்த்தாள். மூச்சு வாங்கியது. மொத்தச் சந்தும் அவள் வாசலில் நின்றது. இத்தனை வருஷத்தில் இப்படி நின்றதே இல்லை.

"வந்துட்டீங்கள்ல," என்றாள். "ரெண்டு வருசமாக் கூப்புட்டேன், ஒருத்தரும் வரல. சிமெண்ட ஒடச்சதும் வந்துட்டீங்க. வந்தது வந்தீங்க, அப்பிடியே கொஞ்ச நேரம் நில்லுங்க. இந்தா, தூறுது."

தூறல் அதற்குள் கனத்துவிட்டது. கொடைக்கானல் மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. தகரக் கூரையெல்லாம் ஒரே சமயத்தில் சடசடக்க, இரு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் சந்தில் கொட்டியது. போகலாமா என்று சிலர் பின்னால் திரும்பினார்கள். திரும்பிய இடத்திலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வழவழப்பான வாசல்களில் வழுக்கிக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் பருத்து, கணுக்கால் உயரத்துக்கு வந்து நின்றவர்களின் காலைச் சுற்றியது. அதில் தமயந்தி காலையில் போட்ட கோலம் வெள்ளையாகக் கரைந்து வந்தது. சேனாதிபதியின் பீடித் துண்டு வந்தது. அதன் பின்னால் பேரிக்காய்த் தோல் சுருள் சுருளாக வந்தது. திருமலைச்சாமி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் தோலையே பார்த்தார். அவர் வீட்டில்தான் அழுகல் பேரிக்காயைச் சீவி ஊறுகாய் போடுவார்கள்.

பெயர்த்த இடத்தில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியது. மிச்சத்தில் பாதி ஞானம்மாவின் படியேறி உள்ளே போனது. பாதி தூம்பில் விழுந்தது. கீழேயிருந்து இருமல் சத்தம் வந்தது. சேனாதிபதி கைத்தடியால் வழியைத் தடவிக்கொண்டு போய்ச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். திருமலைச்சாமியும் பார்த்தார்.

குடிசைக் கூரையில் தண்ணீர் விழுகிற இடத்துக்கு நேரே குஞ்சம்மாள் வெளியே நின்று ஒரு பாலிதீன் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மேலே இத்தனை தலைகளைப் பார்த்ததும் அவளுக்குக் கூச்சமாகிவிட்டது.

"என்னாங்கண்ணே, எல்லாரும் வந்துருக்கீங்க?" என்றாள்.

திருமலைச்சாமி, "ஒண்ணுமில்லம்மா," என்று சொல்லிவிட்டுத் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அந்த நேரத்துக்குத்தான் சுப்பையா மழையோடு மழையாக வேலையிலிருந்து திரும்பினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பெயர்ந்து கிடந்த பத்தையைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். ஞானம்மா கடப்பாரையை இறுக்கிப் பிடித்தாள். பிடுங்க வந்தால் விடுவதில்லை என்றுதான் இருந்தாள்.

"குஞ்சுக்கு எல்லாம் தெரியுமாம்," என்றாள் அவரிடம். "ஒங்க கையப் பாத்தாளாம். பாத்துட்டும் நம்ம தூங்கட்டும்னு விட்டாளாம்."

சுப்பையா தலையில் இருந்த சாக்கைக் கழற்றிப் படியில் போட்டார். பிறகு கையை நீட்டினார்.

"குடு. நீ கோணக்க மாணக்க ஒடச்சு வெச்சிருக்க."

கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே நடந்து தமயந்தி வாசலில் நின்றார். தமயந்தி சேனாதிபதியைப் பார்த்தாள். சேனாதிபதி திருமலைச்சாமியைப் பார்த்தார். திருமலைச்சாமி தன் காலைச் சுற்றிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுப்பையா குனிந்து அந்தப் பூச்சை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார். ஒரு கீறல் இல்லை. எழுந்து, ஓரமாக ஒரு முழத்துக்கு அளந்துகொண்டு, கடப்பாரையை ஓங்கினார்.

ஞானம்மா ஈயச் சட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் அள்ள உள்ளே போனாள்.